டியோவுக்குப் பூட்டின ரெண்டு ரெம்பரேச்சர் மீற்றரும் அதால கண்டுபிடிச்ச ஃபான் கவர் பிழையும்

யாழ்ப்பாணத்து வல்லை வெளியில மத்தியானம் ரெண்டு மணிக்கு சோளகத்துக்கு (தென்மேல் காத்துக்கு) எதிரா ஸ்கூட்டி ஓடின ஆக்களுக்கு நான் சொல்லப்போறது உடன விளங்கும். நான் கோண்டாவில்ல இருந்து நெல்லியடிப் பக்கம் படிப்பிக்கப் போறனான், காலமை போகேக்க பிரச்சினை இல்ல, காத்து பின்னால தள்ளும், பள்ளிக்கூடம் விட்டு வரேக்கதான் முழுக் காத்தும் முகத்தில. வைகாசியில ஒரு நாள் பாலம் தாண்டினாப் பிறகு என்ர டியோ முறுக்க முறுக்க ஏறேல்ல, 50ல போனது 40க்கு வந்து, சீற்றுக்குக் கீழ இருந்து சூடான ஓயில் மணமும் வந்துது. ஆவரங்கால்ல ஒரு மர நிழல்ல நிப்பாட்டி அரை மணித்தியாலம் இருந்துபோட்டு வந்தனான். வீட்டை வந்து ஓயில் கோலை இழுத்துப் பாத்தா கீழ்க் கோட்டுக்கும் கீழ கிடக்கு, இத்தனைக்கும் ஓயில் மாத்தி 2000 கிலோமீற்றர் கூட ஓடேல்ல.

என்ர வண்டி 2015ல வாங்கின 110 சிசி ஹொண்டா டியோ. 2020 பங்குனியில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு பழைய ஸ்கூட்டி விலையே எங்கயோ போட்டுது, 2025ல திரும்பத் திறந்தும் புதுசு வாங்கிற விலை என்ர சம்பளத்துக்கு எட்டாது, அதால இதைத்தான் இன்னும் கன வருஷம் வச்சு ஓடவேணும். அப்ப இஞ்சின் எவ்வளவு சுடுது எண்டு தெரிஞ்சுகொள்ள வேணும் எண்டு தோணிச்சுது. டியோ மாதிரிக் காத்தில குளிருற ஸ்கூட்டியள் பெரும்பாலானதில சூடு காட்டுற முள் எண்டு ஒண்டும் இல்ல, ஸ்பீட் முள், பெற்றோல் முள், அவ்வளவுதான். அதால தனிய ஒரு மீற்றர் வாங்கிப் பூட்டுவம் எண்டு தொடங்கினதுதான் இந்தக் கதை. மூண்டு மாசம் பாவிச்சாப் பிறகுதான் எழுதுறன்.

முதல் வாங்கினது ஒன்லைன்ல, 1900 ரூபா. தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி, நீல வெளிச்சம், பாக்க வடிவுதான். வந்த சென்சரில மரை வச்சிருந்துது, பித்தளைக் கட்டை மாதிரி. இதை டியோவில எங்க திருகிறது? விற்கிற பக்கத்தில "எல்லா மோட்டச்சைக்கிளுக்கும்" எண்டு போட்டிருந்துது, ஆனா இது தண்ணியில குளிருற இஞ்சினுக்கு, ரேடியேற்றர் ஹோசை வெட்டி நடுவில போடுறதுக்குச் செய்த சாமான். அது எனக்கு அப்ப தெரியாது. பக்கத்து வீட்டுத் தம்பி சென்சரை இஞ்சின் தலையில இருக்கிற ஒரு ஆணியோட சேத்துக் கட்டி விட்டான். ஸ்டாட் பண்ணி எட்டு நிமிஷத்தில 120 வந்துது, பேந்து கோடு கோடா மின்னத் தொடங்கிச்சு. கடுதாசியைத் திருப்பி வாசிச்சா மீற்றர் காட்டுற ஆகக்கூடின சூடே 120 டிகிரிதான். காத்தில குளிருற இஞ்சினின்ர தலை சாதாரணமா ஓடேக்கயே 120ஐத் தாண்டும், அப்ப இந்த மீற்றர் எனக்குத் தேவையான இடம் தொடங்கிற இடத்திலயே முடிஞ்சுபோகுது. தண்ணியில குளிருற ஸ்கூட்டர் வச்சிருக்கிற ஆக்களுக்கு இது சரிவரலாம். டியோ, ரே, பிளெஷர் மாதிரிக் காத்தில குளிருற ஸ்கூட்டி வச்சிருக்கிறவை தயவுசெய்து இதை வாங்காதேங்கோ, வாங்க முதல் எத்தனை டிகிரி மட்டும் காட்டும் எண்டதையும் சென்சர் மரையா வளையமா எண்டதையும் பாருங்கோ.

ரெண்டாவது யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ள ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில எடுத்தது, 3400 ரூபா. பெட்டியில கம்பனிப் பேரே இல்ல. கடையில நிண்ட தம்பி நல்ல விளக்கமானவர், முதல் கேள்வியே "அக்கா உங்கட பிளக் 10ஆ 14ஆ" எண்டுதான். இது ஸ்பார்க் பிளக்குக்கு அடியில வாஷர் மாதிரி மாட்டுற செப்பு வளையம், அதில இருந்து மெல்லிய வயர் வரும், 14 மில்லிமீற்றர் பிளக்குக்கு வேற வளையம் 10க்கு வேற. டியோவுக்கு 10. 250 டிகிரி மட்டும் காட்டும். இன்னொரு விஷயமும் சொன்னவர், பிளக்கோட வாற வாஷரைக் கழட்டிப்போட்டு அந்த இடத்தில வளையத்தைப் போடவேணும், ரெண்டையும் சேத்துப் போட்டா பிளக் மேல தூக்கும் எண்டு. நானாப் பூட்டியிருந்தா ரெண்டையும்தான் போட்டிருப்பன்.

பூட்டேக்க ஒரு தவறு நடந்துது, அந்தத் தவறாலதான் இந்தச் சாமானைப் பற்றி நான் கூடப் படிச்சனான். வளையத்தோட வந்த வயர் கட்டை, பிளக்கில இருந்து ஹாண்டில் மட்டும் வரேல்ல. வயரிங் செய்யிற ஒருத்தரிட்டக் குடுத்தன், அவர் சீற்றுக்குக் கீழ இஞ்சினுக்குக் கிட்ட வெட்டி சாதாரண செப்பு வயர் ஒண்டரை மீற்றர் போட்டு நீட்டி ஹாண்டில் மட்டும் கொண்டுவந்து விட்டார். வேலை சுத்தமா இருந்துது, குறை சொல்ல ஏலாது. பூட்ட முதல் நான் குசினியில கொதிக்கிற தண்ணிக்குள்ள வளையத்தை விட்டும் பாத்தனான், 99 காட்டிச்சுது. யாழ்ப்பாணம் கடல் மட்டத்தில இருக்கிற ஊர், தண்ணி 100ல கொதிக்கும், அப்ப மீற்றர் சரி எண்டு நம்பிட்டன். ரோட்டில ஓடேக்க 145, வல்லை வெளியில 152. இவ்வளவுதானா, இது பயப்பிடிற சூடு இல்லையே எண்டு ரெண்டு கிழமை நிம்மதியா ஓடினன். ஆனா மணமும் போகேல்ல, ஓயிலும் குறைஞ்சுகொண்டேதான் இருந்துது.

எங்கட பள்ளிக்கூடத்து பௌதிகவியல் ரீச்சரிட்ட ஒரு நாள் ஸ்ராவ் றூமில இதைச் சொன்னன். அவா கேட்ட முதல் கேள்வி "வயரை நீட்டினனீங்களோ?" பேந்து ஒரு பேப்பரில கீறி விளங்கப்படுத்தினவா. இது வெப்ப இணை. ரெண்டு வேற வேற உலோகக் கம்பியை ஒரு நுனியில ஒட்டினா, அந்த நுனிக்கும் மற்ற முனைக்கும் இடையில இருக்கிற சூட்டு வித்தியாசத்துக்கு ஏத்தமாதிரி ஒரு சின்ன வோல்ற் வரும், இந்த வகைக் கம்பியில ஒரு பாகைக்குக் கிட்டத்தட்ட 41 மைக்ரோவோல்ற். மீற்றருக்குத் தெரியிறது வித்தியாசம் மட்டும்தான், அதோட தான் இருக்கிற இடத்துச் சூட்டைக் கூட்டித்தான் கணக்கைக் காட்டும். நடுவில செப்பு வயரைப் போட்டா மற்ற முனை எண்டது மீற்றரில இல்ல, அந்த மூட்டில. என்ர மூட்டு எங்க இருக்கு? இஞ்சினுக்குப் பக்கத்தில, ஒரு 65 டிகிரி வரும். மீற்றர் ஹாண்டில்ல 35ல இருந்துகொண்டு 35ஐத்தான் கூட்டுது. முப்பது டிகிரி காணாமல் போட்டுது! குசினியில சரியாக் காட்டினதுக்குக் காரணம் அங்க மூட்டும் மீற்றரும் ஒரே சூட்டில இருந்ததுதான். எனக்கு அண்டைக்கு நித்திரை வரேல்ல, 152 எண்டு நான் நிம்மதியாப் பாத்த நாள் எல்லாம் இஞ்சின் 180க்கு மேல நிண்டிருக்கு.

அதே ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்குத் திரும்பப் போனன். அந்தத் தம்பி ஒரு சொல்லும் மறுத்துச் சொல்லாமல், நீளமான வயரோட வாற வேற வளையம் எடுத்துத் தந்தவர், 900 ரூபா, பழசைத் திருப்பி எடுக்கேல்ல, அது நியாயம்தான், வெட்டினது நாங்கள். ஆனா பெட்டிக்குள்ள வாற கடுதாசியில "வயரை வெட்டாதேங்கோ" எண்டு ஒரு வரி போட்டிருந்தா எத்தினை பேருக்கு உதவியா இருக்கும். ஆங்கிலமும் சீனமும்தான் இருந்துது, அதிலயும் இந்த விஷயம் இல்ல. இந்த மீற்றரில நான் காணுற ஆகப்பெரிய குறை இதுதான்.

புது வயரோட முதல் நாள் வல்லை வெளியில 187.

உடன கோப்பாய்ப் பக்கம் ஒரு ஐயாவின்ர கராஜுக்குப் போனன். தகரக் கொட்டில்தான், ஒரு வேப்பமரம், ரெண்டு பெடியள் வேலை பழகினம். பேர் போடவேண்டாம் எண்டு சொன்னவர், கூட்டம் வந்தா வேலை கெட்டுப்போம் எண்டு. அதால பேர் போடேல்ல, ஆனா அவர் செய்த வேலையைப் பற்றி எழுதாமல் விட எனக்கு மனமில்ல. அவர் மீற்றரைப் பாக்கவே இல்ல. ஸ்டாட் பண்ணச் சொல்லி, என்ர கொப்பியில ஒரு ஒற்றையைக் கிழிச்சு வலப்பக்கம் கிறில் மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கிற பிளாஸ்ரிக் மூடிக்குக் கிட்டப் பிடிச்சவர். பேப்பர் மெல்ல ஆடிச்சுது, ஒட்டேல்ல. "பாத்தியே பிள்ளை, இது இழுத்து ஒட்டிப்பிடிக்க வேணும்" எண்டார்.

எனக்கு அதுவரைக்கும் அங்க ஒரு ஃபான் இருக்கெண்டே தெரியாது. கனபேர் "என்ர ஸ்கூட்டியின்ர ஃபான் வேலை செய்யுதில்ல, எப்ப போடும்" எண்டு கேக்கிறவை, நானும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன். டியோ மாதிரி வண்டியில ஃபான் போடுறதும் இல்ல நிக்கிறதும் இல்ல. கிராங்கில (இஞ்சின் சுத்துற தண்டில), மக்னற்றுக்கு மேல, ஒரு பிளாஸ்ரிக் ஃபானைப் போல்ட் போட்டுப் பூட்டியிருக்கு, இஞ்சின் சுத்தினா அதுவும் சுத்தும், இஞ்சின் நிண்டா அதுவும் நிக்கும். சுவிச்சும் இல்ல வயரும் இல்ல. அது வலப்பக்க மூடியால காத்தை உறிஞ்சி, சிலிண்டரையும் தலையையும் மூடியிருக்கிற பிளாஸ்ரிக் கூட்டுக்குள்ளால தள்ளும், காத்து அலுமினியச் செதில்களுக்குள்ளால போய்ச் சூட்டை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கத்தால வெளிய வரும். மோட்டச்சைக்கிள்ல இஞ்சின் வெளிய நிக்குது, ஓடேக்க அடிக்கிற காத்தே காணும். ஸ்கூட்டியில இஞ்சின் சீற்றுக்குக் கீழ ஒளிச்சுக் கிடக்கு, நாங்கள் 60ல ஓடினாலும் வெளிக்காத்து அங்க ஒழுங்காப் போகாது, அதாலதான் இந்த ஏற்பாடு. இடப்பக்கம் பெல்ற் பெட்டிக்குத் தனியக் காத்து வழி இருக்கு, அது வேற விஷயம்.

இதில எனக்குப் பெரிசா விளங்கினது ஒண்டு. ஃபானுக்கு இஞ்சின் எவ்வளவு வேகமாச் சுத்துது எண்டு மட்டும்தான் தெரியும், எவ்வளவு முக்குது எண்டு தெரியாது. காலமை பின்காத்தில 50ல போகேக்க முறுக்கைப் பாதிதான் திறந்திருக்கும், பின்னேரம் அதே 50க்கு முழுக்கத் திறந்து பிடிக்கவேணும். எரியிற பெற்றோல் கூட, வாற சூடு கூட, ஆனா காத்து அந்தளவுக்குக் கூடாது. அதாலதான் என்ர மீற்றரில காலமை 150ம் பின்னேரம் 180ம் வந்தது, ஒரே ரோட்டு, ஒரே வேகம். பின்னால ஒராள் இருந்தாலும், அரிசி மூட்டை வச்சாலும் இதேதான்.

ஐயா மூடியைக் கழட்டினார். ஃபான் முழுசா இருந்துது, ஒரு இதழும் உடையேல்ல, அதைப் பாத்து முதல் சந்தோஷப்பட்டன். ஆனா சிலிண்டர் கூட்டின்ர கீழ்ப் பாதியில ஒரு ஆணி இல்ல, அந்த மூலை வெடிச்சு ரெண்டு விரல் போற அளவுக்குத் திறந்து கிடக்கு, தலையைச் சுத்தி வாற றபரும் இல்ல. முந்தி ஒரு இடத்தில வால்வ் சரிபாக்கக் குடுத்தனான், அங்க கழட்டினதுகள் திரும்பி வரேல்ல எண்டுதான் நினைக்கிறன். காத்து லேசான வழியைத்தான் தேடும், செதிலுக்குள்ள நெருக்கிப் போறதைவிட வெடிப்பால வெளிய போறது அதுக்குச் சுகம். இது காணாதெண்டு செதிலுக்குள்ள ஓயில் கசிஞ்சு அதில செம்மண் ஒட்டி களி மாதிரி இறுகிக் கிடக்கு. எங்கட வலிகாமத்துச் செம்மண்ணைப் பற்றிச் சொல்லத் தேவையில்ல, சோளகம் தொடங்கினா வீட்டுக்குள்ள வாளியில வச்ச தண்ணியிலயே படியும், உறிஞ்சிற ஃபானுக்கு முன்னால எவ்வளவு போயிருக்கும்.

அவர் செய்தது இதுதான். மண்ணெண்ணெயும் பிரஷும் வச்சு செதில் ஒவ்வொண்டாத் துப்பரவாக்கி, எயார் அடிச்சு, வால்வ் கவர் றபர் மாத்தி ஓயில் கசிவை நிப்பாட்டி, பாவிச்ச நல்ல கூடு ஒண்டு தேடியெடுத்து எல்லா ஆணியும் போட்டுப் பூட்டினவர். ஓயில் மாத்தினது. ஸ்கூட்டி ஓயில் எண்டு கேட்டு வாங்குங்கோ எண்டும் சொன்னவர், மோட்டச்சைக்கிள்ல கிளச் ஓயிலுக்குள்ள நிக்கும், ஸ்கூட்டியில நிக்காது, அதால ரெண்டுக்கும் ஓயில் வேற, போத்தில்ல எம்பி (MB) எண்டு தரம் போட்டிருக்கும். காபரேற்றரையும் பாத்து, பிளக் நுனி சாம்பல் வெள்ளையா இருந்ததால பெற்றோல் கொஞ்சம் காணாமல் எரியுது, அதுவும் சூட்டைக் கூட்டும் எண்டு சரிப்படுத்தினவர். எல்லாம் சேத்து 7200 ரூபா, சாமானோட. காலமை குடுத்து பின்னேரம் எடுத்தன். கழட்டின பழைய கூட்டையும் றபரையும் ஒரு பையில போட்டுக் கையில தந்தவர், கேக்காமலே. எந்தக் கராஜிலயும் எனக்கு இது நடந்ததில்ல, இப்பிடி ஒரு மரியாதைக்காகவே நான் கோப்பாய் மட்டும் போவன்.

அடுத்த நாள் வல்லை வெளியில, அதே காத்தில, 154. மணம் இல்ல. ரெண்டு மாசமா ஓயில் கோல் மேல்க் கோட்டில நிக்குது. பிழையான வயரோட 152 பாத்தனான், திருத்தினாப் பிறகு 154 பாக்கிறன், இலக்கம் கிட்டத்தட்ட ஒண்டு, ஆனா முதலாவது பொய், ரெண்டாவது உண்மை. அதால "உங்கட மீற்றரில எவ்வளவு காட்டுது" எண்டு ஆரும் கேட்டா இலக்கத்தை மட்டும் சொல்ல எனக்குப் பயம், எங்க சென்சர் வச்சது, வயர் எப்பிடி, எந்த ரோட்டில, எந்தக் காத்தில எண்டதையும் சேத்துத்தான் சொல்லுவன். உங்கட வண்டி நல்லா இருக்கேக்க எவ்வளவு காட்டுது எண்டு ஒரு கிழமை எழுதி வையுங்கோ, பேந்து அதே ரோட்டில 20 டிகிரி கூடினா என்னவோ பிழை, அப்ப கராஜுக்குப் போங்கோ.

மீற்றர் பூட்டின ஆக்கள் எல்லாரும் பயப்பிடிற ஒரு விஷயம், நானும் பயந்தது. வீட்டை வந்து நிப்பாட்டினாப் பிறகு சூடு இறங்கும் எண்டு பாத்தா ஏறும். 140ல நிப்பாட்டினா ரெண்டு நிமிஷத்தில 152 வரும், பேந்துதான் இறங்கும். இது பிழை இல்ல. இஞ்சின் நிண்டவுடன ஃபானும் நிண்டுது, உள்ள இருக்கிற சூடு வெளிய வந்து தலையில சேருது, கொண்டுபோகக் காத்து இல்ல. முழு வேகத்தில வந்தா கடைசி அரைக் கிலோமீற்றர் மெல்ல வாங்கோ, நான் எங்கட ஒழுங்கைக்குள்ள திரும்பினவுடன முறுக்கை விட்டிடுவன், அப்ப 130ல வந்து நிக்கும். சூட்டோட தண்ணி ஊத்துற பழக்கம் இருந்தா விட்டிடுங்கோ, கொதிக்கிற அலுமினியத்தில குளிர் தண்ணி பட்டா வெடிக்கவும் கூடும். அதுபோல "காத்துப் படட்டும்" எண்டு அந்தப் பிளாஸ்ரிக் கூட்டைக் கழட்டிப்போட்டு ஓடுற பெடியளைக் கண்டிருக்கிறன், தயவுசெய்து செய்யாதேங்கோ, கூடு இல்லாட்டி ஃபான் அடிக்கிற காத்து செதிலுக்குப் போகாது, வந்த வழியாலயே சிதறிப்போகும்.

தண்ணியில குளிருற ஸ்கூட்டர் வேற உலகம். ஆவணியில நல்லூர்த் திருவிழாவுக்கு அத்தான் கொழும்பில இருந்து அவரின்ர 250 சிசி யப்பான் ஸ்கூட்டரில வந்தவர், பழையது, ஆனா வடிவா வச்சிருக்கிறார். அதில டாஷ்போட்டில முள் இருக்கு, ரேடியேற்றர் இருக்கு, கரண்டில ஓடுற ஃபான் இருக்கு. ஏ9ல வரும் வழியெல்லாம் முள் பாதியில, ஃபான் ஒருக்காலும் போடேல்ல, அது சரிதான், ஓடேக்க காத்தே ரேடியேற்றரைக் குளிராக்கும். நல்லூரடியில ரோட்டு மூடி, சனத்துக்குள்ள ஊர்ந்து ஊர்ந்து போகேக்க முள் முக்காலைத் தாண்டிச்சுது, ஃபான் போடேல்ல. அத்தான் முள்தான் பழுது எண்டார். நான் மீற்றரோட பட்ட பாட்டுக்குப் பிறகு முள்ளை நம்புங்கோ, நிப்பாட்டுங்கோ எண்டு மல்லுக்கட்டி நிப்பாட்டினன். அடுத்த நாள் ஐயாவிட்டக் கொண்டுபோனம். ரேடியேற்றரில இருக்கிற ஃபான் சுவிச்சின்ர வயரைக் கழட்டி ரெண்டு முனையையும் சின்ன வயர்த் துண்டால தொடுத்தார், ஃபான் ஊதத் தொடங்கிச்சு. அப்ப ஃபானும் நல்லம் பியூசும் நல்லம், சூடு பாத்து ஃபானைப் போடுற சுவிச்தான் செத்துப்போச்சு. முள்ளுக்குச் சூடு சொல்லுற சென்சர் வேற, அது ஒழுங்கா வேலை செய்தது. கொம்பியூட்டர் வச்சு ஃபானை இயக்கிற புது வாகனங்களில இப்பிடி வயர் தொடுக்கக்கூடாது எண்டும் ஐயா சொன்னவர்.

அதோட அத்தான் வரும் வழியில ரேடியேற்றருக்குக் கிணத்துத் தண்ணி விட்டிருக்கிறார். எங்கட தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால ஊறி வாறது, கேத்திலுக்குள்ள ஒட்டுற வெள்ளைப் பொருக்கை எல்லா வீட்டிலயும் காணலாம், அதே பொருக்கு ரேடியேற்றரின்ர மெல்லிய குழாய்களுக்குள்ளயும் ஒட்டும். கூலன்ற் இல்லாட்டி அவசரத்துக்குப் பற்றரித் தண்ணி (அசிட் இல்ல, பற்றரிக்கு விடுற காய்ச்சி வடிச்ச தண்ணி) விடுங்கோ. சூட்டோட ரேடியேற்றர் மூடியை ஒருக்காலும் திறக்காதேங்கோ, மூடி அமுக்கிப் பிடிச்சிருக்கிறதாலதான் உள்ள இருக்கிறது 100ஐத் தாண்டியும் கொதிக்காமல் நிக்குது, திறந்தா முகத்தில அடிக்கும். இன்னொண்டு, அத்தான் என்ர மீற்றரில 150ஐப் பாத்து நெஞ்சில கை வச்சிட்டார். அவரின்ர ஸ்கூட்டரில தண்ணிச் சூடு 80, 90ல நிக்கிறது, ஃபான் 100 கிட்டப் போடும், அதில 150 எண்டா இஞ்சின் முடிஞ்சுது. என்ரயில பாக்கிறது பிளக்குக்கு அடியில இருக்கிற உலோகத்தின்ர சூடு. ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாக்கக்கூடாது.

சரி, சாமானுக்கு வாறன். ரெண்டாவது மீற்றர், மூண்டு மாசம். மத்தியான வெய்யில்ல இலக்கம் வாசிக்கிறது கஷ்டம், கையால நிழல் பிடிக்கவேணும், ஓடிக்கொண்டு அதைச் செய்ய ஏலாது, அதால கண்ணாடித் தண்டுக்குப் பக்கத்தில கொஞ்சம் சரிச்சுப் பூட்டினாப் பிறகு பரவாயில்ல. ஒட்டிறதுக்கு வந்த ரேப் ஒரு கிழமையில சூட்டில இளகிப்போட்டுது, இப்ப பிளாஸ்ரிக் ரை போட்டிருக்கு. புரட்டாதியில ஒரு மழையில திரைக்குள்ள ஆவி பிடிச்சுது, ஒரு நாள்ல காய்ஞ்சிட்டுது, ஆனா ஐப்பசி கார்த்திகை மாரிக்குத் தாங்குமோ எண்டு எனக்கு நம்பிக்கை இல்ல, சிலிக்கன் பூசப்போறன். பொத்தான் பற்றரி ஒருக்கா மாத்தினனான். இலக்கம் மாறுறது மூண்டு நாலு செக்கன் பிந்தித்தான், சூட்டுக்கு அது காணும். பிளக் கழட்டிற ஒவ்வொருக்காலும் வளையத்தைத் திருகாமல் எடுக்கவேணும், வயர் வளையத்தோட ஒட்டுற இடம்தான் இதின்ர பலவீனம், ஐயாவின்ர பெடியன் ஒருக்கா சாவியோட சேத்துச் சுத்தப் பாத்தவன், நான் பக்கத்தில நிண்டபடியாத் தப்பிச்சுது.

அஞ்சுக்கு மூண்டரை குடுப்பன். கன தூரம் ஓடுற ஆக்கள், பழைய வண்டி வச்சிருக்கிறவை, வல்லை வெளி, பண்ணைப் பாலம் மாதிரி எதிர்க்காத்து ரோட்டால தினமும் போறவை வாங்கலாம். கொக்குவில்ல இருந்து ரவுணுக்குப் போய் வாறதுக்கு 3400 ரூபா செலவழிக்கத் தேவையில்ல, அந்தக் காசுக்கு ஒருக்கா வலப்பக்க மூடியைக் கழட்டி செதில் துப்பரவாக்குவியுங்கோ. அதுக்கும் முதல் இண்டைக்கு வீட்டை போய் ஸ்டாட் பண்ணி ஒரு ஒற்றையை அந்தக் கிறிலுக்குக் கிட்டப் பிடிச்சுப் பாருங்கோ, ஒட்டுதோ இல்லையோ எண்டு. நான் நேற்று எங்கட ஸ்ராவ் றூமில ஆறு ரீச்சர்மாரின்ர ஸ்கூட்டிக்கும் பிடிச்சுப் பாத்தனான். நாலில ஒட்டிச்சுது. மற்ற ரெண்டு பேரும் வாற சனிக்கிழமை என்னோட கோப்பாய்க்கு வருகினம்.